பராமரிப்பு அறைக்கு ஒரு ஹோய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி): நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விப் பள்ளி பெரும்பாலான மாணவர்களுக்கு 18 வயதோடு முடிந்துவிடுகிறது; சிலருக்கு 21 வரை நீள்கிறது. வேலைக்குச் செல்ல இயலாதவர்கள் அதன்பின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் நான்கு சுவருக்குள் முடங்கிவிடாமல் காப்பது நம் பகல்நேர நடவடிக்கை நிலையம். அவர்கள் இங்கே பாடுகிறார்கள், சமைக்கப் பழகுகிறார்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். பெற்றோர் நிம்மதியாக வேலைக்குப் போவதும் இதனால்தான்.

ஆனால் நம் பராமரிப்பு அறையின் நிலை எங்களை உறுத்துகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு டயப்பர் மாற்ற, ஒருவர் அக்குளுக்கடியிலும் இன்னொருவர் தொடைக்கடியிலும் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ளவர்களுக்குத் தூக்கும் நொடியில் தசை இறுகிக் கால் விறைத்துக்கொள்ளும். பிடி நழுவினால் தூக்குபவர்களுக்கும் ஆபத்து, தூக்கப்படுபவருக்கும் ஆபத்து. வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான். இது ஒவ்வொருவருக்கும் தினமும் பலமுறை நடக்கிறது. பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள் முதுகுவலியால் வேலையை விட்டுப் போகக்கூடாது.

கூரையில் தண்டவாளம் பதித்து ஓடும் ஹோய்ஸ்ட் இருந்தால் நாற்காலியில் இருக்கும்போதே தூளி போன்ற துணியை முதுகுக்குப் பின்னாலும் தொடைக்கடியிலும் செருகி, வார்களைக் கொக்கியில் மாட்டினால் போதும். பொத்தானை அழுத்தியதும் உடல் அலுங்காமல் எழும்பும். அதோடு, ஏற்றி இறக்கக்கூடிய பெரியவர்களுக்கான படுக்கையும் மறைப்புத் திரைகளும் வாங்கவிருக்கிறோம். வளர்ந்த ஆண், பெண் யாருக்கும் மானத்தோடு உடை மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு.

குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாதக் கட்டணத்துக்கு அரசு மானியம் தருகிறது. இந்த அறைக்கான செலவை நாம்தான் திரட்ட வேண்டும். பத்து வெள்ளியானாலும் மனமுவந்து கொடுங்கள். பேநவ் (PayNow) மின்னியல் பணப்பரிமாற்றம் வழியாக நிலையத்தின் கணக்குக்கே அனுப்பலாம், அல்லது நிலையத்தின் பெயரில் காசோலை தரலாம். தனிநபர் யார் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம்.

நம் நிலையம் பொது நல அமைப்புத் தகுதி பெற்றது. ஆகவே 2026 டிசம்பர் 31 வரை தரும் ரொக்க நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவு உண்டு: 100 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழிக்கப்படும். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் கழிவு தானாகவே பதிவாகிவிடும்.

அறையை நேரில் பார்க்க விரும்புவோர் வேலை நாள்களில் வரலாம். முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். உடை மாற்றும் நேரத்தில் யாரையும் உள்ளே விடமாட்டோம்.

இப்படிக்கு,
பெற்றோர் குழு