ரோபோ முரண்டு பிடித்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் கோட்டைப் பின்தொடரும் ரோபோவும், தடையைக் கண்டு திரும்பும் ரோபோவும் இப்போது சாதாரணக் காட்சியாகிவிட்டன. நடுவர் வந்து நிற்கும் நேரத்தில் அவை ஒரு துடிப்பு துடித்துவிட்டு நின்றுவிடுவதும் அதே அளவு சாதாரணம்தான். மாணவர்கள் புரோகிராமைக் குடைகிறார்கள், சென்சாரைக் கழற்றி மாட்டுகிறார்கள். கோளாறோ பெரும்பாலும் கிட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சின்னச் செவ்வக 9 வோல்ட் பேட்டரியில் இருக்கிறது. அதை ரோபோ கிட்டில் வைத்து விற்பதை நிறுத்த வேண்டும்.

அந்தப் பேட்டரி ரேடியோவுக்கும் மல்டிமீட்டருக்கும் புகை உணர்விக்கும் ஏற்றது. அவை சில மில்லி ஆம்பியர்தான் கேட்கும். உள்ளே ஆறு குட்டிச் செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் வோல்ட் கிடைக்கிறது, ஆம்பியர் கிடைப்பதில்லை. கிட்டில் வரும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் (பல்சக்கரப் பெட்டியோடு வரும் சிறு மோட்டார்) ஓடும்போது 150 முதல் 250 மில்லி ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்திலும் சக்கரம் சிக்கும்போதும் அது ஒரு ஆம்பியரை நெருங்கும். இரண்டு மோட்டாருக்கு 2 ஆம்பியர் என்று வையுங்கள். புத்தம் புது ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரிக்கே உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு உள்ள தடை, 2 ஓம் அளவில் இருக்கும். அப்படியானால் 4 வோல்ட் உள்ளேயே போய்விடும், மிஞ்சுவது 5. ரோபோவின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டின் பவர் சாக்கெட்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது குறைந்தது 7 வோல்ட். போர்டு ரீசெட் ஆகிறது, மோட்டார் நிற்கிறது, சுமை போனதும் வோல்ட் ஏறுகிறது, போர்டு மறுபடி உயிர்பெற்று மோட்டாரை முடுக்குகிறது, மறுபடி ரீசெட். துடித்துத் துடித்து நிற்பதன் காரணம் இதுதான். விலை குறைந்த கார்பன் வகையில் நிலைமை இன்னும் மோசம்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு, சக்கரத்தை விரலால் ஓரிரு விநாடி பிடித்து நிறுத்துங்கள். 9 காட்டியது 5-க்கோ 4-க்கோ சரிந்தால் புரோகிராமைத் தொட வேண்டியதில்லை. சுமையில்லாமல் அளந்துவிட்டு ‘பேட்டரி ஃபுல்லாக இருக்கிறது’ என்பதில் அர்த்தமே இல்லை.

சரி, எதை வாங்குவது? கணக்கு மோட்டார் டிரைவரில், அதாவது போர்டின் சிக்னலுக்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பலகையில், தொடங்க வேண்டும். கிட்டுகளில் பரவலாக வரும் எல்298என் தன் பங்குக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட் மோட்டாருக்கு 6 வோல்ட் பேட்டரி என்று கணக்குப் போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட்தான். மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரில் இயங்கும் டிபி6612 போன்ற டிரைவரில் இந்த இழப்பு மிகக் குறைவு.

பத்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை, ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள் ஆறு. ஒன்று 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. 2000 மில்லி ஆம்பியர் மணி செல் 2 ஆம்பியரை அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கும். ரோபோ சராசரியாக அரை ஆம்பியர் எடுத்தால் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். எடை சுமார் 170 கிராம். அதைச் சக்கர அச்சுக்கு மேலே வைத்தால் பிடிமானமும் கூடும். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்கக் கூடாது: தளர்ந்தது முதலில் காலியாகும், மற்ற ஐந்தும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும்போது அதன் துருவமே தலைகீழாகிக் கெட்டுவிடும். ஸ்பிரிங் மெல்லிய கம்பியாக உள்ள மலிவு ஹோல்டரையும் தவிர்க்கலாம். ஸ்பிரிங் சூடானால் வோல்ட் அங்கேயே வீணாகிறது என்று பொருள்.

மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கு 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் இரண்டு போதும். வரிசையில் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4, எடை 100 கிராமுக்குள். எல்298என் இருந்தால் அளவு சரியாக வரும். டிபி6612 என்றால் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் மோட்டாருக்குப் போய்விடும், 6 வோல்ட் மோட்டாருக்கு அது அதிகம். அதனால் புரோகிராமில் பிடபிள்யூஎம்மை (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து மோட்டார் வேகத்தைக் குறைக்கும் முறை) 70 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள்.

லித்தியத்தில்தான் ஏமாற்றும் ஆபத்தும் அதிகம். உறையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட செல் வெறும் பொய். நல்ல நிறுவனங்களின் செல்களே 3500 அளவில்தான் இருக்கின்றன. தராசில் வைத்துப் பாருங்கள்: 45 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், 30 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்லில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவதைச் சார்ஜ் போட்டு மீட்கப் பார்க்காதீர்கள். உள்ளே செம்பு கரைந்து படிந்து ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. மேல் விளிம்பில் பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லும் வேண்டாம். 18650-யில் நடுப்பொத்தான் மட்டுமே நேர்முனை, அதைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட டப்பா முழுவதும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான், உறை கிழிந்தால் எளிதில் ஷார்ட் ஆகிவிடும்.

சார்ஜிங்கில் நடக்கும் பெரிய தப்பு, டிபி4056 என்ற சின்னப் பலகையை இரண்டு செல் வரிசைக்கு மாட்டுவது. அது 4.2 வோல்ட்டில் நிறுத்தும் ஒற்றைச் செல் சார்ஜர். அடுத்த தப்பு, பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் பாதுகாப்புப் பலகை) இருக்கிறதே என்று 12 வோல்ட் அடாப்டரை நேரே கொடுப்பது. பிஎம்எஸ் கடைசிக் காவல் மட்டுமே, சார்ஜர் அல்ல. மலிவான இரண்டு செல் பிஎம்எஸ் பலவும் செல்களின் வோல்ட்டை ஒரே அளவுக்குச் சமன்படுத்துவதும் இல்லை. செல்களைக் கழற்றித் தனித்தனிக் குழியுள்ள சார்ஜரில் போடுவதே பள்ளிக்கு உகந்தது. நேர்முனைக் கம்பியில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். பேட்டரியிலிருந்து இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வோல்ட்டைப் பாதியாக்கி, வோல்ட்டை அளக்கும் போர்டின் ஏ0 பின்னுக்குக் கொடுத்து, பேட்டரி 6.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்தும்படி எழுதிவிட்டால் செல்கள் ஆழமாக வடிந்து கெடாது.

லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பந்தய ரோபோவுக்கும் ட்ரோனுக்கும் சரி, சமன்படுத்தும் சார்ஜர் இல்லாத வகுப்பறைக்கு வேண்டாம். 12 வோல்ட் 1.3 ஆம்பியர் மணி லெட் ஆசிட் அரை கிலோவுக்கு மேல். பிஓ மோட்டார் இழுக்கத் திணறும். பவர் பேங்க் போர்டுக்கு நல்லது, ஆனால் இழுப்பு மிகக் குறைந்தால் தானே அணைந்துவிடும் ரகங்கள் உண்டு. போர்டுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என இரண்டு பேட்டரி வைப்பவர்கள் இரண்டின் எதிர்முனைகளையும் சேர்க்க மறக்கக் கூடாது. சேர்க்காவிட்டால் டிரைவருக்குச் சிக்னலே புரியாது.

கண்காட்சி நடத்துவோர் விதிமுறையில் இரண்டு வரி சேர்க்கலாம்: லித்தியம் வைத்த ரோபோவுக்கு ஃபியூஸும் சுவிட்சும் இருக்க வேண்டும், அரங்கில் ஆளில்லாமல் சார்ஜ் போடக் கூடாது. தேய்ந்த செல்களின் முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர்கள் சிலர்,
கோயம்புத்தூர்