இரவு அலர்ட்டும் ஆண்டு ரேட்டிங்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை எப்படி இருக்கும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில் சம்பளம், பங்கு ஒதுக்கீடு, நேர்காணல் பற்றியெல்லாம் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். உள்ளே இருப்பவர்களை அதிகம் களைக்க வைக்கும் ஒன்று மட்டும் விடுபட்டுப் போனது. ஓடிக்கொண்டிருக்கும் சேவை விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, ஆண்டு மதிப்பீட்டில் பெரும்பாலும் கணக்கில் வருவதே இல்லை.

அந்த வேலையின் மையம் ஆன்-கால். பலரும் நினைப்பதுபோல் இது நைட் ஷிஃப்ட் இல்லை. பகலில் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் முழுக்க எந்நேரம் அலர்ட் (சேவையில் கோளாறு என்று போனில் அடிக்கும் எச்சரிக்கை) வந்தாலும் எழுந்து கவனிக்க வேண்டும். மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சேவை என்றால் 5 நிமிடத்துக்குள் லேப்டாப் முன் உட்கார வேண்டியிருக்கும். அவ்வளவு அவசரமில்லாத சேவைக்கு 30 நிமிடம் வரை விடுவார்கள். 5 நிமிடக் கெடு உள்ள வாரத்தில் லேப்டாப் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது, அலர்ட் ஒன்றுகூட வராவிட்டாலும் தூக்கம் ஆழமாக வராது.

இதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கூகுளின் எஸ்ஆர்இ பிரிவு (சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்கள்) 2016-இல் வெளிப்படையாகவே ஒரு கணக்கு சொன்னது. ஒரே இடத்தில் இருக்கும் குழுவுக்குக் குறைந்தது 8 பேர். இரண்டு இடங்களில் பிரிந்து, ஒரு பக்கம் பகலாக இருக்கும்போது அந்தப் பக்கத்தினர் பார்ப்பது என்றால் இடத்துக்கு 6 பேர். 12 மணி நேர ஷிஃப்டில் 2 சம்பவத்துக்கு, அதாவது சேவைக் கோளாறுக்கு, மேல் கூடாது. சம்பவம் ஒவ்வொன்றும் காரணம் கண்டுபிடித்து, சரிசெய்து, அறிக்கை எழுதி முடிக்கச் சராசரியாக 6 மணி நேரம் தின்றுவிடும் என்பதே இதற்குக் காரணம். 8 என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. முதல் ஆள் ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொருவர் என்று வாரத்துக்கு இருவர் தேவை. 8 பேர் இருந்தால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு வாரம் போகும். அதே ஏற்பாட்டை 4 பேரை வைத்து ஓட்டினால் இரண்டு வாரம் போய்விடும். அந்தக் குழுவில் இருப்பவர் புதிதாக எதையும் கட்டி முடிப்பது கஷ்டம்.

ஆள் போதுமான அளவு இருந்தும் ஆன்-கால் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் அலர்ட் வைத்த விதமே காரணம். சர்வரின் சிபியூ பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டினால் போன் அடிக்கட்டும் என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சிபியூ ஏறினாலும் பயனருக்கு ஒரு குறையும் இருக்காது, அலர்ட் தானாக அடங்கிவிடும். புலி வருது, புலி வருது என்று இப்படிப் பத்து இரவு கத்தினால் பதினோராவது இரவு உண்மையான சம்பவத்தின் அலர்ட்டையும் கை தானாக அணைத்துவிடும். பயனருக்குப் போகும் பிழைகளின் விகிதம், பதில் வரும் நேரம் ஆகிய இரண்டின் மேல்தான் இரவில் எழுப்பும் அலர்ட் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் காலையில் பார்க்கும் டிக்கெட்டாக, அதாவது வேலைப் பட்டியலில் ஒரு பதிவாகப் போகட்டும். எழுந்தவர் செய்ய ஒன்றும் இல்லாத அலர்ட்டை அந்த வாரமே நீக்கிவிடுவது நல்லது.

ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். இது எதைச் சொல்கிறது, யார் பாதிக்கப்படுகிறார்கள், முதலில் எந்தக் கண்காணிப்பு கிராஃபைப் பார்ப்பது, மென்பொருளில் கடைசியாகப் போன மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை என்ன, அடுத்து யாரைக் கூப்பிடுவது. இவ்வளவு போதும். தூக்கக் கலக்கத்தில் படிப்பதால் வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். சமீபத்தில் ஏதாவது மாற்றம் போயிருந்தால் முதலில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டுக் காரணத்தைக் காலையில் தேட வேண்டும் என்பதைப் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறமைசாலிகளே இதில்தான் தவறுகிறார்கள். காரணம் தெரியாமல் கை வைக்க மனம் வராது, அதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

சம்பவம் முடிந்ததும் எழுதும் போஸ்ட்மார்ட்டம் என்ற ஆய்வறிக்கையில் யார் செய்தது என்பதற்கு இடமே இருக்கக் கூடாது. 2017 பிப்ரவரி 28-இல் அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் முடங்கியது. சில சர்வர்களை மட்டும் நீக்க வேண்டிய கட்டளையில் ஒரு உள்ளீடு தவறாகப் போனதால் நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கிவிட்டன. அந்த நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், கட்டளை கொடுத்தவரின் பெயர் இல்லை. கருவி இனி மெதுவாகவே நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது என்று மாற்றியமைத்ததைத்தான் எழுதியிருந்தார்கள். ஆளைத் திட்டும் குழுவில் அடுத்த முறை உண்மை வெளியே வராது, ஓட்டையும் அப்படியே கிடக்கும்.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். பணியாளர் தன் மதிப்பீட்டை எழுதுவார், சக பணியாளர்கள் கருத்து எழுதுவார்கள், மேனேஜர் ஒரு ரேட்டிங்கை முன்வைப்பார். அதோடு முடிவதில்லை. பல மேனேஜர்கள் ஒன்றாக உட்காரும் கேலிப்ரேஷன் கூட்டத்தில் அந்த ரேட்டிங் ஏறலாம், இறங்கலாம். ஒவ்வொரு ரேட்டிங்கிலும் இத்தனை சதவீதம் பேர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாய வரிசைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. ஆனால் எழுதப்படாத எதிர்பார்ப்பாக, இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்ற விகிதம் பல இடங்களில் தொடர்கிறது. ஒருவரைப் பற்றிப் பேசச் சில நிமிடங்களே கிடைக்கும். 'புதிய பேமெண்ட் பக்கத்தை வெளியிட்டார்' என்பது அந்த அவகாசத்துக்குள் எல்லோருக்கும் புரிந்துவிடும். விழாமல் இருந்த சேவையைப் பற்றி என்ன சொல்வது? எதுவும் நடக்கவில்லை என்பதுதானே அங்கே சாதனை. அடுத்த ஆண்டு கிடைக்கும் புதுப் பங்கு ஒதுக்கீடு பெரும்பாலும் இந்த ரேட்டிங்கைப் பொறுத்தது என்பதால் இது மனக்குறையோடு நிற்பதில்லை, வருமானத்தையும் தொடுகிறது.

பணியாளர் கையில் இருப்பது குறிப்பெடுப்பது ஒன்றுதான். வாரக் கடைசியில் 10 நிமிடம் ஒதுக்கி, என்ன செய்தேன், யாருக்குப் பயன், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, சான்று எங்கே என்று எழுதி வைக்க வேண்டும். 'ஆன்-கால் மேம்படுத்தினேன்' என்று எழுதினால் கூட்டத்தில் நிற்காது. 'வாரம் 40 அலர்ட் வந்தது 6 ஆனது, குழுவில் 8 பேருக்கு இரவுத் தூக்கம் திரும்பியது, டாஷ்போர்டு இணைப்பு இதோ' என்ற மாதிரி எழுதினால் மேனேஜர் அதை அப்படியே படித்துக் காட்டலாம். மதிப்பீட்டுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து நினைவுபடுத்தினால் கடைசி இரண்டு மாதங்கள்தான் ஞாபகம் வரும். இந்தக் குறிப்பு நிறுவனக் கணினியிலேயே இருக்க வேண்டும். மென்பொருள் நிரல், வாடிக்கையாளர் பெயர், வெளியிடாத எண்கள் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக் கூடாது, அனுப்பினால் அதுவே வேலைநீக்கத்துக்குக் காரணமாகலாம்.

மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் எத்தனை வாரம் ஆன்-கால் இருந்தார், எத்தனை இரவு எழுந்தார், மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூ எத்தனை செய்தார் என்ற விவரத்தைக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். நள்ளிரவில் எழுந்தவருக்கு மறுநாள் காலையைக் கேட்காமலே விடுப்பாகக் கொடுங்கள்.

வேலையில் சேரப்போகும் இளைஞர்கள் நேர்காணலின் கடைசியில், கேள்வி இருக்கிறதா என்று கேட்கும்போது தயங்காமல் கேட்கலாம்: ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர்? கடந்த மாதம் இரவில் எத்தனை அலர்ட் வந்தது? ஆன்-கால் வாரத்துக்குப் பணமா, விடுப்பா? கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் எந்த வேலைக்காகப் பெற்றார்? இரண்டாவது கேள்விக்கு உடனே எண் சொல்ல முடிந்தால், அந்தக் குழு கணக்கு வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்