கயல்விழிக்கு, தத்து ஆணையைப் பற்றி

அன்புள்ள கயல்,

நீயும் மாப்பிள்ளையும் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவெடுத்துவிட்டீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துப் பார்க்க உனக்கு ஒரு காகிதம் வேண்டும் என்பதால் இங்கே விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அத்தை சொன்ன அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம், அவளுக்கு வளர்க்க வழியில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்து குழந்தையை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. 1956ஆம் வருட இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிவது உள்ளூரில் நடக்கிற காரியம்தான். ஆனால் இந்தியாவும் அமெரிக்காவும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியாவுக்கு அது 2003இலும் அமெரிக்காவுக்கு 2008இலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தாயின் சம்மதத்தைக் குழந்தை பிறந்த பிறகுதான் வாங்க வேண்டும். தத்தெடுக்கப் போகிறவர்கள் பெற்றவர்களிடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்யக் கூடாது. இன்ன குழந்தை என்று குறிப்பிட்டு நீங்கள் போடும் ஐ-800 மனுவுக்குத் தற்காலிக ஒப்புதல் வருவதற்கு முன்பே தத்து முடிந்திருந்தால் அமெரிக்கக் குடியேற்றத் துறை மனுவைத் தள்ளிவிடும். குழந்தை சட்டப்படி உங்களுடையது, ஆனால் விசா கிடையாது என்ற நிலையில் பிள்ளை இங்கே, நீங்கள் அங்கே என்று நிற்க வேண்டிவரும். கைச்செலவுக்கு என்று யாராவது பணம் கொடுத்திருந்தால், சிறார் நீதிச் சட்டம் 81ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை கடுங்காவல்.

அந்தப் பெண்ணுக்கு உதவ நல்ல வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக்குழு முன்பு அவளே ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் யாரும் அவளை நெருக்கக் கூடாது. அந்தக் குழந்தை உங்களுக்குத்தான் வரும் என்று எவரும் உறுதி சொல்லவும் முடியாது. அத்தையிடம் இதை நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உனக்குக் கோபம் வரலாம். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984இல் தந்த தீர்ப்பிலிருந்துதான் இன்றைய விதிகள் முளைத்தன. அதற்குப் பிறகும் 1990களின் கடைசியில் சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடிய பிள்ளைகள் போலிக் காகிதத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது பின்னாளில் வெளிவந்தது. பெற்ற தாய் ஒருத்தி தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருக்க, அவள் பிள்ளையை அன்போடு வளர்க்கிற இன்னொரு குடும்பத்துக்கு ஒன்றுமே தெரியாது. உன் வீட்டுக்கு வரும் பிள்ளையின் காகிதத்தில் அப்படி ஒரு சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது.

சரி, வரிசைக்கு வருவோம். இதில் வரிசை மாறினால் எதுவும் நடக்காது.

நீங்கள் நேரடியாகக் காராவில், அதாவது டெல்லியில் உள்ள மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தில், பதிய முடியாது. அமெரிக்காவில் ஹேக் அங்கீகாரமும் காராவின் அங்கீகாரமும் இரண்டுமே உள்ள ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். ஒன்று மட்டும் உள்ள ஏஜென்சியிடம் முன்பணம் கட்டிவிடாதே. காரா பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஏஜென்சியின் சமூகப் பணியாளர் உங்கள் குடும்பத்தை விசாரித்து ஹோம் ஸ்டடி என்ற அறிக்கையை எழுதுவார். 18 வயதுக்குப் பிறகு நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்தையும் நாட்டையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்த்த வருடங்களையும் விடாதே. எப்போதோ வந்த போலீஸ் வழக்கு, தள்ளுபடியானதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சம்பவத்தைவிட அதை மறைத்ததுதான் மனுவைக் கவிழ்க்கும். வீட்டில் நிரந்தரமாக வசிக்கிற 18 வயது தாண்டிய எல்லாருக்கும் கைரேகை உண்டு. நானும் அப்பாவும் ஆறு மாதம் வந்து தங்கப் போவதையும் முதலிலேயே சொல்லி, எங்களைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

ஹோம் ஸ்டடி முடிந்து ஆறு மாதத்துக்குள், தத்தெடுக்க நீங்கள் தகுதியானவர்கள் என்று ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ மனுவோடு அது குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். வருகிற ஒப்புதல் 15 மாதம்தான் செல்லும். சின்னக் குழந்தைக்கான காத்திருப்போ வருடக்கணக்கில் ஓடும். ஆகவே நீட்டிப்பு மனுவை, அதாவது மூன்றாம் துணைப் படிவத்தை, காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் போட வேண்டும். காலாவதியான பிறகு போட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் ஹோம் ஸ்டடியைத் திருத்த வேண்டும், அதனால் இந்த இடைவெளியில் வீடு வாங்கும் யோசனையைத் தள்ளி வை.

வயதுக் கணக்கையும் கவனி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100. உனக்கு 40, மாப்பிள்ளைக்கு 44, கூட்டினால் 84. பதிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு. அடுத்த பிறந்தநாட்கள் வந்தால் 86. காகிதம் தேடுவதில் சோம்பினால் ஒரு வயதுப் பிரிவே கைவிட்டுப் போகும். என்னைக் கேட்டால் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மனதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளைகளை ஏற்க முன்வருகிறவர்கள் குறைவு.

இனி நம் ஊர்க்காரர்களை எல்லா ஆபீஸிலும் அலைக்கழிக்கும் பெயர் விவகாரம். உன் பாஸ்போர்ட்டில் ‘கயல்விழி சண்முகம்’, பள்ளிச் சான்றிதழில் ‘ச. கயல்விழி’, திருமணப் பதிவில் வெறும் ‘கயல்விழி’. ஆணை எழுதும் எழுத்தர் முன்னால் எந்தக் காகிதம் இருக்கிறதோ அந்தப் பெயர்தான் ஆணையில் ஏறும். அப்புறம் குழந்தையின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் அதே பெயர் தொடரும். இப்போதே எல்லா ஆவணத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்து. பழைய பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வைத்துக்கொள். அங்கே வாங்கும் ஆவணங்களுக்கு எந்த மாநிலத்து நோட்டரி கையெழுத்திட்டாரோ அந்த மாநிலத்தில்தான் அப்போஸ்டில், அதாவது வேறு நாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்று, வாங்க வேண்டும். மதுரையில் பதிந்த திருமணச் சான்றுக்கு டெக்சாஸில் அப்போஸ்டில் கிடைக்காது.

குழந்தையின் விவரம் வந்தால் உங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ள 96 மணி நேரம், ஏற்றுக் கையெழுத்திட 30 நாள். அந்த 30 நாளையும் முழுதாகப் பயன்படுத்து. மருத்துவ அறிக்கையில் ‘நார்மல்’ என்று மட்டும் இருந்தால் நிறைவடையாதே. பிறந்த எடை, மாதாமாதம் எடுத்த எடை, உயரம், தலைச்சுற்றளவு எல்லாம் கேள். தனி அளவைவிட வளர்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் அதைக் காட்டு. கண்டெடுத்த குழந்தை என்றால் பிறந்த தேதி மருத்துவரின் கணிப்பாகத்தான் இருக்கும்.

ஏற்றபின் ஐ-800, தற்காலிக ஒப்புதல், குழந்தை அமெரிக்காவுக்கு வரலாம் என்று டெல்லி அமெரிக்கத் தூதரகம் ஹேக் உடன்படிக்கைப்படி தரும் ஐந்தாம் விதிக் கடிதம், அதைப் பார்த்துக் காரா தரும் தடையின்மைச் சான்று. இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் தத்து ஆணைக்கான மனு. இணையத்தில் ‘கோர்ட் தேதி’ என்று படித்திருப்பாய். 2022 ஆகஸ்ட் வரை மாவட்ட அளவிலான நீதிமன்றம்தான் ஆணை தந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது. குழந்தை இருக்கிற சிறப்புத் தத்து நிறுவனமே மனுப் போடும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைக்கு விவரம் தெரியும் வயது என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள்.

ஆணை கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு வரியாகப் படித்துவிடு. குழந்தைக்கு இல்லத்தில் வைத்த பெயரும் நீங்கள் வைக்கும் புதுப் பெயரும் இரண்டும் இருக்கின்றனவா? பிறந்த தேதி நலக்குழு ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா? பிழை இருந்தால் பாஸ்போர்ட்டுக்குப் போவதற்கு முன்பே திருத்த வேண்டும். சான்றளித்த நகல் ஐந்தாறு வாங்கிக்கொள். பிறகு, தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, பிறப்புச் சான்று, இந்தியப் பாஸ்போர்ட், டெல்லியில் தத்துப் பிள்ளைக்கான ஐஎச்-3 விசா.

ஐஎச்-3 விசாவில் வரும் பிள்ளை உங்களோடு அங்கே குடியிருக்கப் போவதால், அமெரிக்க மண்ணில் நுழையும்போதே குடிமகன் ஆகிவிடும். குடியுரிமைச் சான்று தபாலில் வரும். வராவிட்டால் விடாமல் கேள். குடியுரிமைக் காகிதத்தைப் பெற்றோர் கவனிக்காமல் விட்டதால் வளர்ந்த பிறகு நாடுகடத்தப்பட்ட தத்துப் பிள்ளைகள் அங்கே உண்டு.

இதற்கப்புறம்தான் உங்கள் பக்கத்து நீதிமன்றம். டெக்சாஸ் குடும்பச் சட்டம் 162.023 பிரிவில் வெளிநாட்டுத் தத்து ஆணையைப் பதிய மனுப் போடலாம், பெயர் மாற்றத்தையும் அதே மனுவில் சேர்க்கலாம். நீதிமன்றம் ஏற்றால் மாநிலமே பிறப்புச் சான்று தரச் சொல்லும். இதைச் செய்துவிட்டால் பள்ளிச் சேர்க்கையில் ஒவ்வொரு தடவையும் இந்திய ஆணையை விரித்துக் காட்ட வேண்டியதில்லை.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஏஜென்சி காராவுக்கு அறிக்கை அனுப்பும். வீட்டுக்கு வரும் பணியாளரிடம் தூக்கம், சாப்பாடு, அழுகை எதையும் மறைக்காதே, உதவி அவர்கள் வழியாகத்தான் வரும். அமெரிக்கக் குடியுரிமை வந்ததும் பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டைக்கு, விண்ணப்பி. ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து, ஆணை நகலோடு ஒரு கோப்பில் வை. 18 வயதுக்குப் பிறகு பிள்ளை தன் வேர்களைத் தேட விரும்பினால் தானே காராவுக்கு விண்ணப்பிக்க உரிமை உண்டு. அந்தக் கோப்பு அப்போது அதன் கைக்குப் போக வேண்டும்.

அங்கீகாரம் உள்ள ஏஜென்சிகளின் பட்டியலை இந்த வாரம் பார்த்துவிட்டு எழுது. மாப்பிள்ளையிடம் திருமணச் சான்றின் அசலைத் தேடச் சொல்.

அன்புடன்,
அம்மா