பாட்டிலுக்குள் இறங்கிய 9 டிகிரிக்கு நன்றி

வணக்கம். வடசென்னையில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சோடா பாட்டிலில் அடைத்திருந்த காற்றைத் திறந்துவிட்டோம். உள்ளே சூடு 30 டிகிரியிலிருந்து 21-க்கு இறங்கியது. பிள்ளைகள் தாங்களே அளந்தார்கள். அதற்குக் கைகொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

காற்றை அமுக்கினால் சூடாகும், விரியவிட்டால் குளிரும். சைக்கிள் பம்ப் அடித்தவர்கள் அதன் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டே பார்த்திருப்பார்கள். பாடத்தில் இதற்கு ‘வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு’ என்று பெயர். அதை எண்ணாகவே காட்டிவிடலாம் என்று ஆய்வகத் தெர்மாமீட்டரைப் பாட்டிலுக்குள் இறக்கினேன். பாதரசம் அசையவே இல்லை. “புக்ல தப்பா மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணத்தைப் புரியவைத்தவர் எனக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த பேராசிரியர். ஓய்வுபெற்று மயிலாப்பூரில் இருக்கிறார். “ஒரு லிட்டர் காத்து என்ன எடை இருக்கும், சொல்லும்மா” என்றார். சுமார் 1.2 கிராம். அதை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1 ஜூல் போதும். உள்ளே நிற்கும் கண்ணாடிக்கும் பாதரசத்துக்குமோ அதைப்போல் சில மடங்கு வேண்டும். தெர்மாமீட்டர் குளிர்வதற்குள் பாட்டில் சுவரிலிருந்து காற்றுக்குச் சூடு திரும்ப வந்துவிடுகிறது. காற்றை அளக்கப் போகிற பொருளுக்குக் கனமே இருக்கக் கூடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவின் கடைக்கார அண்ணன், கடுகளவு தலையுள்ள 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர்களைத் தேடி எடுத்துத் தந்தார். சூடு குறைந்தால் மின்தடை ஏறும் சின்ன உணரிகள் அவை. பள்ளிக்கு என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் பாட்டில் மூடியில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வை உள்ளிருந்து இழுத்துப் பொருத்தினார். ஒயர் வெளியே வரும் ஓட்டையில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. ஆய்வக உதவியாளர் அக்கா இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எம்-சீல் வைத்து அடைத்தார். பஸ் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்றி, ஆறும்வரை காத்திருந்து, வால்வு ஊசியை அழுத்தினோம். தெர்மிஸ்டரின் மின்தடையைக் காட்டும் மல்டிமீட்டர் 8.1 கிலோ ஓமிலிருந்து 12-க்கு ஓடியது. அதுதான் அந்த 9 டிகிரி. கணக்குப்படி 50 டிகிரிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்று பிள்ளைகள் இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சூடு திருப்பித் தந்த சுவரா, காற்றை மெதுவாக விட்ட வால்வா, தெர்மிஸ்டரா என்று மூன்று கட்சி. ‘புக்ல தப்பா’ என்று கேட்டவள்தான் சுவர்க் கட்சிக்குத் தலைவி.

பஞ்சர் கடை அண்ணா, உங்கள் பம்ப் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வாஷர் தேய்ந்திருந்தது, புதிது போட்டிருக்கிறோம். சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். பிள்ளைகளும் வருவார்கள், பாட்டிலோடு.