நிபோங் திபால் படகுத்துறையில் உதவிய ஐயாவுக்கு

கிரியான் ஆற்றுப் படகுத்துறையில் ஞாயிறு காலை எங்கள் படகின் மோட்டாரைப் பழுதுபார்த்துக் கொடுத்த பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. செம்பனைத் தோட்டத்துக்காரர் என்பது மட்டும்தான் தெரியும். பெயரைக் கேட்பதற்குள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

கயிற்றை இழுத்தால் மோட்டார் உறுமும், உடனே அணையும். ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொன்னவர்கள் பலர். ஐயாவோ பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பந்தைத்தான் முதலில் அமுக்கினார். எவ்வளவு அமுக்கியும் அது இறுகவில்லை. "தம்பி, பெட்ரோலோடு காற்றும் போகிறது" என்றார். குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. தம் பையிலிருந்தே ஒன்றை எடுத்துப் போட்டார். பந்து கல்லாக இறுகியது. மோட்டார் அணையாமல் ஓடியது.

ஆனால் வேகப்பிடி திருகிய இடத்திலேயே சிக்கிக்கொண்டது. அப்போது அவர் செய்த சோதனை எனக்கு ஒரு பாடம். மோட்டாரை அணைத்துவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து வேகப்பிடிக் கேபிளின் முனையைக் கழற்றி, அங்கிருந்த சிறு நெம்புகோலை விரலால் தள்ளிவிட்டார். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆக, கார்புரேட்டரில் குறையில்லை. கேபிளின் உறைக்குள் துரு. "எண்ணெய் விட்டுச் சமாளிக்காதே, புதிது போடு. போட்ட பிறகும் இழுபட்டால் மோட்டாரை அணைக்கும் நிறுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆற்றில் இறங்காதே" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

ஐயா, புதுக் கேபிள் மாட்டியாகிவிட்டது. அப்பா மறுபடியும் மீன்பிடிக்கப் போகிறார். இந்த ஐயாவை அறிந்தவர்கள் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்: ஒரு வேளையாவது எங்கள் வீட்டில் அவர் சாப்பிட வேண்டும்.