பட்டன் பேட்டரி: பெற்றோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

ஏர்வாடி சந்தனக்கூடு, உத்தரகோசமங்கை ஆருத்ரா என எந்தத் திருவிழாக் கடையிலும் மின்னும் பொம்மைகள் குவிகின்றன. இவற்றில் இருக்கும் நாணயம் போன்ற பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் ஆபத்து. பெரும்பாலானவற்றில் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ கிடையாது. நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாததை வாங்காதீர்கள்.

20 மி.மீ. அகல லித்தியம் பேட்டரிதான் மிக ஆபத்தானது. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். எச்சில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, எதிர்மின் (மைனஸ்) முனைப் பக்கம் காரம் உண்டாகி, 2 மணி நேரத்திலேயே சதை வெந்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். வெளியே எடுத்த பிறகும் புண் ஆழமாகி, சில நாள் கழித்து மூச்சுக்குழாயிலோ பெருந்தமனியிலோ ஓட்டை விழலாம்.

விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்பதால் சளி என்று நினைத்துவிடுகிறோம். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுங்கள். நாணயம்போலத் தெரிந்தாலும் ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தால் அது பேட்டரிதான்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சோறு, வாழைப்பழம் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம்; 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நிற்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைநகரான ராமநாதபுரத்துக்கு 50 கி.மீ.க்கு மேல், எனவே தேனைப் போகும் வழியிலேயே கொடுங்கள்.

ரிமோட், எடை மெஷின் மூடிகளுக்கு இன்றே டேப் ஒட்டுங்கள். கழற்றிய பேட்டரியின் இருபுறமும் டேப் சுற்றிய பிறகே குப்பையில் போடுங்கள். திருவிழாக் கடைகளை மாவட்ட நிர்வாகம் சோதனையிட வேண்டும்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்,
ராமநாதபுரம்