உளவியலைப் பெயர்ப் பட்டியலாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக வரும் உளவியல் வினா விடைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்குத் திருமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், தகுதித் தேர்வுக்குப் படிக்கும் சிலருக்கு இந்தப் பகுதியை மட்டும் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பலர் உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டிய நோட்டோடுதான் வருகிறார்கள், அதனால்தான் உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் "தந்தை யார்", "எந்த ஆண்டு" ரகக் கேள்விகள். முதல் உளவியல் ஆய்வகம்? வுண்ட், லைப்சிக், 1879. செயல்படு ஆக்கநிலையுறுத்தல்? ஸ்கின்னர். முயன்று தவறிக் கற்றல்? தார்ண்டைக். விடைகள் எல்லாம் சரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஒருவரிடம் வகுப்பில் நடக்கிற ஒரு சங்கதியைச் சொல்லி இதில் இருப்பது எந்தக் கருத்து என்று கேட்டால் முழிக்கிறார். தேர்விலோ சூழலைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளும் வருகின்றன. 150 கேள்விகளில் 30 இந்தப் பகுதியிலிருந்து, சும்மா விட்டுவிடுகிற எண்ணிக்கை இல்லை.

ஸ்கின்னர் சொன்ன எதிர்மறை வலுவூட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பாதிப் பேருக்கு மேல் "தண்டனைதானே டீச்சர்" என்கிறார்கள். கிடையாது. பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல், ஒரு விளைவால் நடத்தை குறைந்தால்தான் தண்டனை. ஸ்கூட்டரில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினால் பீப் பீப் என்று கத்துகிறதே, ஸ்டாண்டை எடுத்ததும் சத்தம் நிற்கிறது, நாளடைவில் வண்டியில் உட்கார்ந்ததுமே கால் தானாக ஸ்டாண்டைத் தட்டிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு அடுத்ததாக நான் வழக்கமாகக் கொடுக்கிற சூழல் ஒன்று உண்டு. கணக்கு என்றாலே கசக்கிற ஒரு பையன், கணக்குப் பாடவேளை வந்தால் பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான், சத்தம் போடுகிறான். ஆசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு "வெளியே போய் நில்லுடா" என்கிறார். மறுநாளும் இதே கதை, அடுத்த வாரம் இன்னும் அதிகம். இங்கே நடந்தது என்ன? ஆசிரியர் தண்டித்ததாக நினைக்கிறார். பையனுக்கோ பிடிக்காத கணக்கு விலகிவிட்டது, அவன் சேட்டை கூடியிருக்கிறது. அது தண்டனையே இல்லை, வலுவூட்டல். இன்னொன்றும் இருக்கிறது: பையன் வெளியே போனதும் வகுப்பு அமைதியாகிறது இல்லையா, அந்த நிம்மதி ஆசிரியருக்கு வலுவூட்டல், அதனால் அவரும் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே வெளியே அனுப்புவார். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு என்ன நோக்கம் இருந்தது என்பது கணக்கில் வராது, அந்த நடத்தை கூடியதா குறைந்ததா என்பதுதான் கேள்வி. இந்த ஒரு சூழலைப் புரிந்துகொண்டவர் ஸ்கின்னர் பெயரை மறந்தாலும் நாளைக்கு வகுப்பில் நின்று யோசிப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாவ்லோவும் இப்படித்தான். மணியோடு சேர்த்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய நாய்க்குப் பிறகு மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்று காட்டியவர் அவர், அதை நாய், மணி, எச்சில் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ராத்திரி தெருவில் சோன்பப்டி வண்டி மணி கேட்டதும் பிள்ளைகளுக்கு வாயூறுகிறதே, அதை வைத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் சோன்பப்டி இயற்கைத் தூண்டல், மணி செயற்கைத் தூண்டல் என்று ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஐஸ் வண்டி மணிக்கும் ஊறினால் பொதுமைப்படுத்தல். கோயில் மணிக்கு ஊறாவிட்டால் வேறுபடுத்தி அறிதல். வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டே போகிறார், வீட்டில் யாரும் வாங்கித் தரவே இல்லை என்றால் நாள் போகப் போக ஊறுவது நின்றுவிடும், அது அழிதல். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் முழுக்க இதில் அடங்கிவிட்டது.

நினைவு பற்றிய பகுதியில் மில்லர், 1956, 7 கூட்டல் கழித்தல் 2 என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஏழு என்ன? ஏழு எழுத்தா, ஏழு எண்ணா? ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள முடிவது என்று அவர் சொன்னது ஏழு தொகுதிகள். மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஊரே கையில் இருக்கிறது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலை ஒட்டி உள்ளிருந்து வெளியே ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என நான்கு பக்கம். இருபது வீதிப் பெயர்களைத் தனித்தனியாகக் கேட்கிற வெளியூர்க்காரருக்குத் தலை சுற்றும், அடுக்கும் திசையும் தெரிந்த நமக்கு அது ஒரு சுமையே இல்லை. தொகுத்தல் என்பது இதுதான். (பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏழுகூட அதிகம், நான்கு தொகுதிதான் என்றார்கள், அது தனிக் கதை.)

அப்புறம் திருப்புதல் செய்கிற முறை. நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், மஞ்சள் பேனாவால் கோடு போட்ட பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிற பிள்ளைகள்தான் அதிகம். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் படிக்கிற பாடமே அவர்களுக்கு வேறு வழி சொல்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து, படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டுப் படித்தால் நிற்கிறது என்று எழுதிவைத்தார். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு அதையே மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், புத்தகத்தை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே! மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுவதுதான் ஏமாற்றுகிறது.

இப்போது இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றாகிவிட்டது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் பி.எட். முடித்த பிறகு தொடாத பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதறுகிறார்கள். இத்தனை வருடம் பிள்ளைகளோடு பழகியவர்கள், அவர்களிடம் சூழல்களுக்கா பஞ்சம்? அவர்கள் தினமும் பார்ப்பதை இந்தக் கருத்துகளோடு சேர்த்துக் கொடுக்க ஆள் இருந்தால் போதும், அதை உங்கள் பக்கம் செய்யலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வாரம் பத்துக் கேள்வி வருகிறது என்றால் அதில் குறைந்தது ஆறு கேள்வி வகுப்பறைச் சூழலாக இருக்கட்டும், விடையை அதே பக்கத்தின் அடியில் போடாமல் அடுத்த வாரம் காரணத்தோடு போடுங்கள், போன மாதம் கேட்டதில் இரண்டைச் சேர்த்து மறுபடி கேளுங்கள். எழுத ஆள் வேண்டும் என்றால் நானும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவும் கேள்விகளைத் தயாரித்து அனுப்பத் தயார், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
திருமங்கலம், மதுரை மாவட்டம்